எருமைக்குக் குடற்புழு மருந்து: வயதும் எடையும் பருவமும் பார்த்துக் கொடுப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைக்கு ஒரு மாத்திரை, கன்றுக்குப் பாதி. எருமை வளர்க்கும் பல இடங்களில் குடற்புழு நீக்கம் இவ்வளவுதான். கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுதான் மருந்து. இப்படிச் செய்தால் பணம்தான் கழியும், புழு கழியாது. பதினைந்து நாள் கன்றின் குடலில் இருக்கும் புழு வேறு, ஒன்றரை வயதுக் கிடேரியின் வயிற்றில் இருப்பது வேறு, ஐந்து ஈத்து கண்ட எருமையின் கல்லீரலில் இருப்பது வேறு. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றைத் தொடாமலே போகலாம். அதனால் முதலில் பார்க்க வேண்டியது மாட்டின் வயதை. மருந்துப் பெயர் அதற்கப்புறம்தான்.

கன்று: 10 முதல் 16 நாளுக்குள்

புழுவுக்கு முதல் பலி கன்றுதான். டாக்ஸோகாரா விட்டுலோரம் என்ற பெரிய உருண்டைப்புழு, ஒரு அடி வரை நீளும், கிட்டத்தட்டப் பென்சில் கனம். இது கன்றுக்கு வரும் வழி விசித்திரமானது. தரையிலிருந்து வருவதில்லை, தாய்ப்பாலில் வருகிறது. தாய் எருமை எப்போதோ விழுங்கிய முட்டை பொரிந்து, இளம்புழு அதன் உடல் திசுக்களில் உறங்கிக் கிடக்கும். ஈனும் காலத்தில் விழித்து மடிக்குப் போய், சீம்பாலோடும் அதற்கடுத்த சில நாள் பாலோடும் கன்றுக்குள் இறங்கும். பத்தாம் நாள் நெருங்கும்போது இந்த வரத்து அநேகமாக நின்றுவிடும். மூன்று வாரத்தில் புழு முற்றி முட்டையிடத் தொடங்கிவிடும்.

ஆகவே மருந்துக்கான இடைவெளி மிகக் குறுகியது. மூன்றாம் நாள் கொடுத்தால் அன்றைக்கு இருப்பது சாகும், நாலாம் நாள் பாலில் புதிது வரும். நாற்பதாம் நாள் கொடுத்தால் புழு சாகும்தான், ஆனால் அதற்குள் அந்தக் கன்று ஒரு கிராம் சாணத்துக்குப் பல ஆயிரம் முட்டை வீதம் கொட்டிலெல்லாம் இறைத்திருக்கும். 10 முதல் 16 நாளுக்குள் கொடுத்தால் பால்வழி வந்தது எல்லாம் உள்ளே இருக்கும், ஒன்றுகூட முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. கொட்டில் சுவரில் சுண்ணக்கட்டியால் ஈன்ற தேதியையும் அதற்குக் கீழே பத்தாம் நாள் தேதியையும் எழுதிவைப்பது, எந்த விலையுயர்ந்த மருந்தைவிடவும் அதிகம் பயன் தரும்.

மருந்தில் பைரன்டெல், ஃபென்பென்டசோல் இரண்டும் இந்த வயதுக்குப் பொருந்தும். ஃபென்பென்டசோல் என்றால் எடைக்குக் கிலோவுக்கு 7.5 மி.கி. கன்று 35 கிலோ இருந்தால் சுமார் 260 மி.கி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: திரவ மருந்து 2.5 சதவீதத்திலும் வருகிறது, 10 சதவீதத்திலும் வருகிறது. முதலாவதில் பத்தரை மில்லி தேவை, இரண்டாவதில் 2.6 மில்லி போதும். போன தடவை எத்தனை மில்லி கொடுத்தோம் என்ற நினைவை நம்பி ஊற்றினால் கால் பங்கு போகும், அல்லது நாலு பங்கு போகும். லேபிளைப் படித்தபிறகே சிரிஞ்சை எடுங்கள். பைப்பரசின் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது முற்றிய புழுவை அசைப்பதுபோல் இளம்புழுவை அசைப்பதில்லை. அதை மட்டும்தான் வாங்க முடிகிறது என்றால், முதல் தடவையோடு நிறுத்தாமல் நாலாவது வாரத்தில் ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும்.

பாலில் புழு வருகிறது என்பதற்காகச் சீம்பாலை நிறுத்திவிடக் கூடாது. சீம்பால் கிடைக்காத கன்று புழுவுக்கு முன்னாலேயே வேறு நோயில் போய்விடும். தாய்க்குச் சினைக்காலத்தில் போடும் வழக்கமான மருந்தும் திசுக்களில் உறங்கும் இளம்புழுவை எட்டுவதில்லை. தாய்க்குப் போட்டாயிற்றே என்று கன்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொன்று கடாக்கன்று. கிடேரிக்கு மட்டும் மருந்து கொடுத்து, விற்கப்போகும் கடாவுக்கு எதற்கு என்று விடுகிறார்கள். அந்தக் கடா அதே தரையில் சாணம் போடுகிறது. அந்த முட்டையைத்தான் தாய் எருமைகள் தீவனத்தோடு விழுங்கி அடுத்த ஈத்துக்குச் சேமித்து வைக்கின்றன. இந்த முட்டையின் ஓடு தடிப்பானது. பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ அதை ஒன்றும் செய்யாது. வெயிலும் காய்ந்த தரையும்தான் கொல்லும். எனவே கன்றுச் சாணத்தைத் தினமும் அள்ளித் தனிக்குழியில் போட்டு மூடிவிட வேண்டும்.

நாள் தவறிப்போன கன்றை எப்படித் தெரிந்துகொள்வது? சாணம் களிமண் நிறத்தில் பிசுபிசுப்பாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு இருக்கும். வயிறு பானை போல் தொங்கும், விலா எலும்பு தெரியும், மயிர் சிலிர்த்து நிற்கும். சில கன்றுகளின் மூச்சில் கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கும். இந்த நிலையில் உள்ள கன்றுக்கு நீங்களாக முழு அளவு மருந்து ஊற்ற வேண்டாம். நூற்றுக்கணக்கான புழு ஒரே நேரத்தில் மயங்கித் திரண்டால் குடல் அடைபடும். மருத்துவரை அழைத்து அவர் முன்னிலையில் கொடுங்கள்.

ரத்தக் கழிச்சல் என்றால் புழு மருந்து உதவாது

மூன்று வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கன்று திடீரென்று ரத்தமும் சளியுமாகக் கழிந்து, வாலைத் தூக்கிக்கொண்டு முக்கினால் காக்சிடியா என்ற ஓரணு ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். எருமைக் கன்றில் ஐமீரியா பேரெய்லியை என்ற வகை குறிப்பாக மோசமானது. ஃபென்பென்டசோல், ஐவர்மெக்டின் எதுவும் இதைத் தீண்டாது. புழு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் இரண்டு நாளில்தான் கன்று கைவிட்டுப் போகிறது.

ஆம்ப்ரோலியம் கிலோவுக்குத் தினம் 10 மி.கி., ஐந்து நாள். 40 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி., அதாவது 20 சதவீதத் தூளில் 2 கிராம். சீக்கிரம் குணமாகட்டும் என்று அளவைக் கூட்டவோ வாரக்கணக்கில் நீட்டவோ கூடாது, அது தயமின் வைட்டமினைக் குறைத்து நரம்பைப் பாதிக்கும். கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புதான். பால் வேளைக்கு நடுவில் ஓ.ஆர்.எஸ். கரைசல் தொடர்ந்து போக வேண்டும். கன்றுகளை நெருக்கிக் கட்டாமல் தரையை ஈரமின்றி வைத்து, தீவனத்தைத் தொட்டியில் போட்டாலே இந்த நோய் பாதி குறையும்.

மேயப் போகும் கிடேரி

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை மேய்ச்சலில் சேர்வது ஹீமாங்கஸ், டிரைக்கோஸ்டிராங்கிலஸ், ஈசோஃபகோஸ்டோமம் போன்ற சின்ன உருண்டைப்புழுக்கள். மழை விழுந்து இரண்டு மூன்று வாரத்தில் புல்லில் இளம்புழு ஏறும். இந்த வயது மாட்டுக்கு மழைக்காலம் தொடங்கி ஒரு மாதம் கழித்து ஒருமுறை சாணம் பார்த்து மருந்து கொடுப்பது தகும். வளர்ந்த எருமைக்கு இவற்றின்மீது நல்ல எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடும். நோஞ்சானாகவோ கழிச்சலோடோ இல்லாத வளர்ந்த எருமைக்கு உருண்டைப்புழு மருந்தைச் சும்மா சும்மாக் கொடுப்பது வீண் செலவு. வீண் செலவோடு போனாலும் பரவாயில்லை. எல்லா மாட்டுக்கும் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்தால், மருந்துக்குத் தப்பிய புழுவின் வாரிசுகள்தான் மேய்ச்சலில் மிஞ்சும்.

சாணத்தைச் சரியாக அனுப்புவது

வீதியில் கிடக்கும் சாணத்தை அள்ளிக்கொண்டு போய்ப் பலன் இல்லை. மாடு போட்டவுடன் மேல்பகுதியில் தரை படாத இடத்திலிருந்து, அல்லது கையுறை போட்டு ஆசனவாயிலிருந்து, ஒரு எலுமிச்சம்பழ அளவு எடுங்கள். பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மாட்டின் அடையாளம், வயது, தேதி எழுதி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். வெயிலில் ஒருநாள் கிடந்தால் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை தப்பும். மொத்த மந்தையையும் பார்க்க வேண்டியதில்லை. கன்று, கிடேரி, கறவை என்று பிரித்து, பிரிவுக்கு ஐந்தாறு போதும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்திலோ மாவட்டத்தில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ பார்ப்பார்கள்.

கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: "படிவு முறையிலும் பாருங்கள்." இது ஏன் என்றால், வழக்கமான மிதவை முறையில் 3 கிராம் சாணத்தை 42 மில்லி அடர் உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, மக்மாஸ்டர் எண்ணும் தட்டில் ஊற்றுவார்கள். உருண்டைப்புழு முட்டை மேலே மிதந்து வரும். இரண்டு அறையிலும் எண்ணியதைக் கூட்டி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் உள்ள முட்டை எண்ணிக்கை. கல்லீரலிலும் இரைப்பையிலும் இருக்கும் தட்டைப்புழுக்களின் முட்டை கனமானது, இந்தக் கரைசலில் மிதக்காது. அதைத் தண்ணீரில் கரைத்துப் படியவிட்டு, மேல்நீரை வடித்து, அடியில் தங்கியதைப் பார்க்க வேண்டும். மிதவை முறை மட்டும் பார்த்துவிட்டு "புழு இல்லை" என்று வரும் சீட்டை நம்பினால், கல்லீரல் நிறையப் புழுவோடு எருமை நிற்கும்.

நுண்ணோக்கியில் நீங்களே எட்டிப்பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் மூன்று வகை முட்டையையும் எளிதாகப் பிரிக்கலாம். டாக்ஸோகாரா முட்டை உருண்டை, மேல் ஓடெல்லாம் குழிக்குழியாக இருக்கும். கல்லீரல் தட்டைப்புழு முட்டை பெரிது, பித்தத்தில் ஊறியதால் மஞ்சள். அதே அளவில் நிறமற்று, சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் அது இரைப்பைத் தட்டைப்புழுவான ஆம்பிஸ்டோம். ஒரு கண்ணாடியில் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் நீலப் பின்னணியில் மஞ்சள் முட்டை பளிச்சென்று தெரியும்.

கிடேரியில் கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழ் இருந்து மாடு திடமாக இருந்தால் விட்டுவிடலாம். 500ஐத் தாண்டினால் மருந்து. இது சட்டமல்ல, தோராயம்தான். ஹீமாங்கஸ் அதிகம் முட்டையிடும், வேறு சில புழு குறைவாக இடும். எருமையின் தோல் கறுப்பு என்பதால் சோகை வெளியே தெரியாது. கீழ் இமையை இழுத்து உள்பக்கம் வெளுத்திருக்கிறதா பாருங்கள். தட்டைப்புழு விஷயத்தில் இந்தக் கணக்கே வேண்டாம். ஒரு முட்டை தெரிந்தாலும் மருந்து கொடுக்க வேண்டியதுதான்.

தட்டைப்புழு: காவிரிப் படுகையின் கணக்கு

வளர்ந்த எருமைக்கு உண்மையான எதிரி இதுதான், ஏனென்றால் இதற்கு எதிராக எருமைக்கு நிலையான எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. நம் பகுதியில் இருப்பது ஃபாசியோலா ஜைகான்டிகா. சாணத்தில் விழும் முட்டை தண்ணீரில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்து, லிம்னியா நத்தைக்குள் புகுந்து, சில வாரம் கழித்து வெளியேறி, நீர்மட்டத்தை ஒட்டிய புல்லிலும் நெல் தாளிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பொட்டாக ஒட்டிக்கொள்ளும். எருமை அதைத் தின்றபின் புழு கல்லீரலைக் குடைந்து பித்தக்குழாயை அடைந்து முட்டையிட மூன்று நாலு மாதம் ஆகும். அந்த நாலு மாதமும் சாணம் சுத்தமாகத் தெரியும். கல்லீரல் அதற்குள் பழுதாகிக்கொண்டிருக்கும்.

இந்த இடைவெளியை வைத்துத்தான் மருந்துத் தேதியைப் போட வேண்டும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நத்தை பெருகும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் வடியும்போது எருமை தாளிலும் வரப்போரப் புல்லிலும் மேயும். அந்த மேய்ச்சலில்தான் தொற்று அதிகம் ஏறும். அங்கிருந்து நாலு மாதம் எண்ணினால் வைகாசி. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன், மே மாதக் கடைசியில், முற்றிய புழுவைக் கொல்லும் ஆக்ஸிகுளோசனைடு கொடுத்துவிட்டால், வாய்க்காலில் தண்ணீர் வரும் சமயத்தில் நத்தைக்குப் போக முட்டை இருக்காது. அடுத்தது வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில். பருவம் பார்க்காமல் ஆண்டுக்கு நாலு தடவை கொடுப்பதைவிட இந்த இரண்டு தடவை மேல். ஏரிப்பாசனப் பகுதியிலோ மேற்கு மாவட்டங்களிலோ இருப்பவர்கள் தங்கள் ஊரில் தண்ணீர் வரும் மாதத்தையும் வடியும் மாதத்தையும் வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக்ஸிகுளோசனைடு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. இது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட புழுவையே நம்பகமாகக் கொல்லும். மாசி, பங்குனியிலேயே மாடு இளைத்து வெளுத்தால் உள்ளே இருப்பது இளம்புழு. அதற்கு டிரைகிளாபெண்டசோல் வேண்டும். பசுவுக்கு இது கிலோவுக்கு 12 மி.கி. எருமை உடலில் இந்த மருந்து வேறு விதமாகக் கையாளப்படுவதால் பசுவின் அளவு போதாமல் போகும், அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாடைக்கு அடியில் வீக்கம் தொங்குவது பிந்திய அடையாளம். தொட்டால் பிசைந்த மாவு போல் மெத்தென்று இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். தலை குனிந்து மேய்ந்துவிட்டு வரும் மாலையில் பெரிதாகவும், காலையில் சற்று வடிந்தும் தெரியும். ரத்தத்தில் புரதம் குறைந்ததால் வரும் நீர் அது. கீறிவிடுவதோ சூடு போடுவதோ கூடாது.

ஆம்பிஸ்டோம் கதை தனி. முற்றிய புழு அசைபோடும் வயிற்றில் மாதுளை முத்து போல் சிவந்து ஒட்டிக்கொண்டிருக்கும், பெரிய கெடுதல் செய்யாது. கொல்வது முன்சிறுகுடலில் இருக்கும் இளம்புழுதான். குட்டை வற்றி ஓரத்துப் பசும்புல் வெளிப்படும் கோடையில், இளம் மாடுகள் நாற்றமடிக்கும் தண்ணீர்க் கழிச்சலில் வரிசையாக விழும். சாணத்தில் முட்டை இருக்காது. கூர்ந்து பார்த்தால் அரிசிக் குருணை அளவில் இளஞ்சிவப்புப் புழு இருக்கலாம். அல்பெண்டசோல், ஐவர்மெக்டின், டிரைகிளாபெண்டசோல் எதையும் இதற்கு நம்ப வேண்டாம். ஆக்ஸிகுளோசனைடு கிலோவுக்கு 18.7 மி.கி. வீதம், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை. முதல் தடவைக்குப் பிறகு கழிச்சல் கொஞ்சம் கூடினால் அது மருந்தாலும் இருக்கலாம்.

எருமையைத் தண்ணீரில் இறங்காதே என்று சொல்ல முடியாது. வயிறு நிறைய வைக்கோலும் பசுந்தீவனமும் போட்டபிறகு குட்டைக்கு ஓட்டினால் ஓரத்துப் புல்லைக் கடிக்காது. படுக்கும் இடம் ஒன்று, குடிக்கும் தொட்டி வேறொன்று என்று பிரியுங்கள். தொட்டியில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள், அந்த ஈரத்தில்தான் நத்தை குடியேறும். அறுவடைக்குப் பின் தாரா வாத்து இறங்கும் வயல்களில் நத்தை நன்றாகக் குறையும். தாளின் அடிப்பகுதியில்தான் தொற்று ஒட்டியிருக்கும் என்பதால் நீரில் நின்ற அடித்தாளை விட்டு மேலே அறுத்து, வைக்கோலை நன்றாக வெயிலில் காயவைத்துப் போர் போடுங்கள். ஈரமாகப் போட்ட போரில் அது உயிரோடு இருக்கும்.

எடை, அளவு, புகட்டுவது

தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 72, நீளம் 54 என்றால் 424 கிலோ. கண்ணால் பார்த்து 300 என்று சொல்லும் எருமைதான் அது.

இந்த எருமைக்கு 1.5 கிராம் ஃபென்பென்டசோல் மாத்திரை ஒன்று கொடுத்தால் கிலோவுக்கு மூன்றரை மி.கி.தான் சேரும். 7.5 வேண்டும் என்றால் 3 கிராமுக்குச் சற்று மேல். குறைந்த அளவு என்பது புழுவுக்கு மருந்தைப் பழக்கிவிடும் வழி. லெவமிசோல் மட்டும் இதற்கு எதிர்த்திசை. கிலோவுக்கு 7.5 மி.கி.க்கு மேல் போனால் எச்சில் வடிந்து உடல் நடுங்கும், அதனால் அதில் கை தாராளம் ஆகாது. சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம், கரு கலையும் அல்லது ஊனமாகும். கறக்கும் எருமைக்கு ஐவர்மெக்டின் வேண்டாம். மற்ற மருந்துகளில் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பால் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும்.

திரவ மருந்தைப் புகட்டும்போது தலையை மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகாதபடி பிடியுங்கள். நாக்கை வெளியே இழுக்காதீர்கள், இழுத்தால் விழுங்க முடியாது. பாட்டிலோ கொட்டமோ எதுவானாலும் பல் இல்லாத வாயோரத்தில் செருகி, ஒரு மடக்கு விட்டு, விழுங்கியது தொண்டையில் தெரிந்தபின் அடுத்த மடக்கு. இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். மூச்சுக்குழாயில் போன மருந்து நுரையீரல் காய்ச்சலைக் கொண்டுவரும், அதற்குப் புழுவே தேவலை. அல்பெண்டசோல், ஃபென்பென்டசோல் கொடுப்பதானால் முந்தின இரவு தீனியைக் குறைத்துக் காலையில் கொடுத்தால் மருந்து வயிற்றில் கூடுதல் நேரம் தங்கி நன்றாக வேலை செய்யும். தள்ளாடும் மாட்டையும் நிறைசினையையும் பட்டினி போட வேண்டாம்.

மருந்து கொடுத்த 14ஆம் நாள், முன்பு சாணம் எடுத்த அதே மாடுகளிடம் மறுபடி எடுங்கள். உருண்டைப்புழு முட்டை 95 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் உடனே மருந்தைப் பழிக்க வேண்டாம். எடையைக் குறைத்துப் போட்டோமா, பாதி மருந்து தரையில் சிந்தியதா, பாட்டிலைக் குலுக்காமல் மேல்தண்ணீரை மட்டும் ஊற்றினோமா, காலாவதித் தேதி தாண்டியதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால், ஃபென்பென்டசோலுக்குப் பதில் அல்பெண்டசோல் என்று மாற்றுவதில் பயனில்லை, இரண்டும் ஒரே குடும்பம். லெவமிசோல் போன்ற வேறு குடும்பத்து மருந்துக்குப் போய், அதற்குப் பிறகும் இதேபோல் சாணம் பார்க்க வேண்டும்.